எல்லாம் ஒரே நீலம்

வேணாம் தம்பி, இந்த பைலை மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா வடுவூர் வளைவுல சரிஞ்சு விழும், உள்ள இருக்குறது கலைஞ்சு போயிடும். கலைஞ்சு கிடந்தா எனக்கு ஆகாது. உங்களுக்கு இடிக்குதுன்னா சொல்லுங்க, இந்தப் பக்கம் சாய்ச்சுக்குறேன்.

நீங்க எதுவரைக்கும்? திருத்துறைப்பூண்டியா? நான் கோட்டூர்ல இறங்கணும். மச்சான் வீடு. விசேஷம் ஒண்ணும் இல்ல. என் சம்சாரம் அங்க இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போய் உக்காந்திருக்கா. கூட்டியாரத்தான் போறேன். எதுக்குக் கோவம்னு கேளுங்க. வீட்டுல குப்பை மாதிரிக் கிடந்த பேப்பரை எல்லாம் ஒழுங்கா பைல் போட்டு வச்சேன். அதுக்குக் கோவம். எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? குடிச்சுட்டு வந்து அடிச்சான்னு போவாங்க, மாமியார் கொடுமைன்னு போவாங்க. பைல் போட்டான்னு ஒருத்தி போயிருக்கான்னா அது என் பொண்டாட்டி ஒருத்திதான்.

சிரிக்காதீங்க. வரிசையாச் சொல்றேன். எனக்கு எதையும் வரிசையாச் சொல்லித்தான் பழக்கம்.

என் பேரு வைத்திலிங்கம். தஞ்சாவூர்ல சர்க்கார் ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த ஆபீஸ்னு வேணாம், விடுங்க. நான் அந்த செக்‌ஷனுக்குப் போனப்ப உக்கார நாற்காலி இல்ல தம்பி. நாற்காலி எல்லாம் இருந்துச்சு, அதுல பைல் உக்காந்திருந்துச்சு. ஜன்னல்ல பைல், தரையில பைல், பீரோவுக்கு மேல பைல், ஃபேனைப் போட்டா பாதி ஊருக்குப் பறக்கும். மனு குடுத்தவன் வந்து நின்னா, 'நாளைக்கு வாங்க'ம்பாங்க. தேடிப் பாத்தாத்தானே! நான் என்ன பண்ணினேன்? ஒவ்வொரு பேப்பரையும் கையில எடுத்து மூணு கேள்வி கேட்டேன். இன்னும் நடக்குதா? முடிஞ்சுடுச்சா? முடிஞ்சதுன்னா இனிமே யாருக்காச்சும் வேணுமா? நடக்குறது மேசைக்கு. வேணுங்குறது ரெக்கார்டு ரூமுக்கு. வேணாங்குறதுக்கு மேலிடத்துக்கு எழுதி உத்தரவு வாங்கி அழிச்சாச்சு. அவ்வளவுதான். இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா செய்யணும்ல? செஞ்சேன். கடைசியில எந்த பைலக் கேட்டாலும் டீ ஆறுறதுக்குள்ள மேசைக்கு வரும். பெரிய ஆபீசரே மத்த செக்‌ஷன்காரங்களைக் கூட்டியாந்து நிறுத்தி, 'வைத்திலிங்கம் செக்‌ஷனைப் பாருங்கய்யா'ன்னார். நான் பெருமைக்குச் சொல்லல. எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு இந்த வேலை தெரியும்னு உங்களுக்குத் தெரியணும்.

சரி, ரிட்டயர் ஆயாச்சு. மாலையைப் போட்டு வீட்டுல கொண்டாந்து விட்டுட்டாங்க. அப்பத்தான் தம்பி நான் என் வீட்டையே பாக்குறேன்.

என் சம்சாரம் பேரு தையல்நாயகி. தையலுன்னுதான் கூப்பிடுவேன். நல்லவ. அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ஆனா பேப்பர் வச்சிருக்குற லட்சணம் இருக்கே! ரேஷன் கார்டு எங்க இருக்கும்? அரிசிப் பானையில. அரிசிக்குள்ள புதைச்சு வச்சிருப்பா. வீட்டு வரி ரசீது முருகன் படத்துக்குப் பின்னாடி. கரண்டு பில்லு சமையக்கட்டுல ஒரு கம்பி தொங்கும், அதுல குத்தி வச்சிருப்பா. கேஸ் புக்கு உப்பு ஜாடிக்கு அடியில. வீட்டுப் பத்திரம் அவ கல்யாணப் புடவை மடிப்புல. ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டு வாசக் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டியிருப்பா. கல்யாணப் பத்திரிகை தனியா ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. மஞ்சள் தடவினதைத் தூக்கிப் போடக் கூடாதாம். பத்திரிகையில இருந்த ஜோடிக்குப் பேரன் பேத்தியே பொறந்திருக்கும், பத்திரிகை மட்டும் எங்க வீட்டுல இருக்கும்.

கேட்டா எடுத்துக் குடுப்பாளா? குடுப்பா. அதை மறைக்கக் கூடாது. 'தையலு, அந்த வரி ரசீது'ன்னு இங்க உக்காந்து கேட்டா, கை பாட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு வரும். இருட்டுல கூட எடுப்பா. ஆனா அது முறை இல்லையே தம்பி! நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய்த் தேடுவேன்? அரிசிப் பானையில கைய விடுவேனா? வீடுன்னா யாரு வந்து கேட்டாலும் எடுக்குற மாதிரி இருக்கணும். நான் சொல்றது தப்பா?

மார்கழியில ஆரம்பிச்சேன். கீழவாசல் கடையில போய் நல்ல கெட்டி அட்டையா, நாடா வச்சது வாங்கினேன். எல்லாம் ஒரே நீலம், ஒரே அளவு. பீரோவுல நிக்க வச்சா சிப்பாய் நிக்குற மாதிரி நிக்கணும்னு ஆசை. அப்பவே அவ ஒண்ணு சொன்னா. 'கலர் கலரா வாங்கியிருக்கலாமே'ன்னா. 'எதுக்கு, தோரணம் கட்டவா?'ன்னேன். அப்புறம், 'மேல ஏதாச்சும் படம் ஒட்டுங்களேன், பல்பு படம், வீட்டுப் படம்'னா. பால்வாடியா நடத்துறோம்? அழகா நானே கைப்பட எழுதினேன். வீடு, வரி, மின்சாரம், மருத்துவம், ஓய்வூதியம்னு. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க.

அவ்வளவையும் அவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. ஒவ்வொண்ணா நான் அது இருந்த இடத்துலேருந்து எடுக்க எடுக்க, அந்த இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. போகி அன்னைக்கு மீதிக் குப்பையை வாசல்ல கொளுத்தினேன். பழைய பில்லு, செத்துப் போன ரசீது, அந்தக் கம்பியில கிடந்தது, எல்லாம். பத்திரிகைப் பெட்டியை மட்டும் தொடல, அவ அழுதுடுவா போல இருந்துச்சு. மஞ்சப்பையைத் தூக்கிப் போடுறப்பதான் கையப் புடிச்சா. 'அதை மட்டும் விட்டுடுங்களேன்'னா. 'பேப்பர் எல்லாம் பைலுக்குப் போயாச்சு, வெறும் பை எதுக்குடி'ன்னு போட்டேன். பழைய பை தம்பி. கிழிஞ்ச பை.

அதுக்கப்புறம் வீடு எப்படி இருந்துச்சுங்குறீங்க! ஒரு துண்டுப் பேப்பர் வெளிய கிடையாது. ஆணி கூடப் பிடுங்கிட்டேன். நான் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போனேன். அவதான் ஒரு மாதிரி ஆயிட்டா. பீரோவத் திறப்பா, கொஞ்ச நேரம் நிப்பா, மூடுவா. 'என்ன வேணும்?'னா, 'ஒண்ணும் இல்ல'ம்பா. கேஸ்காரன் வந்து புக்கு கேட்டா, 'அவரு வரட்டும்'னு திருப்பி அனுப்பிடுவா. எனக்குக் கோவம் வரும். சோம்பேறித்தனம்தானே? பீரோவத் திறந்து எடுக்கக் கூடவா முடியாது?

மன்னார்குடி வந்துடுச்சா? இறங்குறவங்களுக்கு வழி விடுங்க. இந்தாங்க, கடலை வாங்கினேன், எடுத்துக்குங்க. நான் திங்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்குத்தான் வரேன்.

மாசி கடைசி. மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கேன், நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. வேர்த்துக் கொட்டுது. எதிர் வீட்டு ஆரோக்கியசாமி கார்ல தூக்கிப் போட்டுட்டார். ஏறுறப்பவே நான் அவகிட்ட சொன்னேன், 'மருத்துவ பைலை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வா'ன்னு. ஏன்னா எனக்கு ஒரு ஊசி ஒத்துக்காது. முன்ன ஒரு தடவை போட்டு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, போற மாதிரி ஆயிடுச்சு. என்ன மருந்துன்னு டாக்டர் சீட்டுல சிவப்பு மையில எழுதிக் குடுத்திருந்தார். அந்தச் சீட்டு இருந்தாத்தான் ஆச்சு. ஊசி பேரு எனக்கே வாயில நுழையாது.

ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, 'முன்னாடி பாத்த சீட்டு இருக்கா, ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதா?'ன்னு நர்சு கேக்குது. 'வருது, வருது'ங்குறேன். அப்ப வந்தா பாருங்க தம்பி. அத்தனை பைலையும் தூக்கிக்கிட்டு வரா! நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மோவாயால அழுத்திக்கிட்டு, செருப்பு கூட இல்லாம ஆட்டோவுலேருந்து இறங்கி ஓடி வரா. நடையில ஒரு நாடா அவுந்து, ஒண்ணு சரிஞ்சு, எல்லாம் தரையில கொட்டிப் போச்சு. வரி ரசீது ஒரு பக்கம், பென்ஷன் பேப்பர் ஒரு பக்கம். போறவன் வர்றவன் எல்லாம் மிதிக்குறான். நர்சு, 'எதும்மா ஆஸ்பத்திரி பைலு?'ன்னு கேக்குது. இவ அந்தப் பேப்பருக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து நர்சுகிட்ட நீட்டுறா. 'இதா பாருங்க, இதா பாருங்க'ங்குறா.

எனக்குப் பேச்சு வராத நேரம் தம்பி. ஆனா அந்தக் கோவத்துல ஒரு வார்த்தை வந்துச்சு. 'மேலயே எழுதி வச்சிருக்கேனே, படிக்கத் தெரியாதா உனக்கு?'ன்னு கத்திட்டேன்.

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? ஆரோக்கியசாமி நிக்குறார், நர்சு நிக்குது, இன்னும் யார் யாரோ நிக்குறாங்க. அத்தனை பேரு முன்னாடி, என் மூஞ்சியப் பாத்து, 'தெரியாது'ன்னா.

ஒரே வார்த்தை. தெரியாது. எப்படி இருந்திருக்கும் எனக்கு? கட்டின புருஷன் சாகக் கிடக்குறான், எதுத்துப் பேச அதுதானா நேரம்? ஒரு நாளும் எதுத்துப் பேசினவ இல்ல. அன்னைக்குப் பேசினா.

சீட்டு கிடைச்சுடுச்சு. நர்சும் ஆரோக்கியசாமியுமா தரையில தேடி எடுத்தாங்க. நான் பொழைச்சுக்கிட்டேன். இல்லன்னா உங்க பக்கத்துல உக்காந்து கதை சொல்வேனா? ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் அவதான் பாத்துக்கிட்டா. துடைச்சு விட்டது, கஞ்சி ஊட்டினது எல்லாம் அவதான். வீட்டுக்கு வந்து, கொஞ்சம் தெம்பு வந்ததும் கேட்டேன். 'அத்தனை பேரு முன்னாடி அப்படிச் சொல்லிட்டியே, உனக்கு அவ்வளவு திமிரா?'ன்னு. அவ என்னையே பாத்தா. 'நான் திமிராச் சொல்லலீங்க'ன்னா. 'பின்ன?'ன்னேன். கஞ்சி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் அவ அண்ணன் என்னைப் பாக்க வந்தார். அவரு கிளம்புறப்ப இவளும் பையைத் தூக்கிட்டா. 'எங்க போற?'ன்னேன். 'எது எங்க இருக்குன்னு இந்த வீட்டுல எனக்குத் தெரியல. கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. நான் கொஞ்ச நாள் அங்க இருக்கேன்'னு சொல்லிட்டு, மாத்திரையை மட்டும் காலைக்கு ஒரு டப்பா, ராத்திரிக்கு ஒரு டப்பான்னு எடுத்து வச்சுட்டுப் போயிட்டா. எது எங்க இருக்குன்னு தெரியலையாம்! வாழ்க்கையிலேயே முதல் தடவையா அந்த வீட்டுல எல்லாம் அததுக்குன்னு ஒரு இடத்துல இருக்கு, இப்பப் போய் தெரியலைங்குறா.

சும்மா விடுவேனா? லெட்டர் போட்டேன். பதில் இல்ல. அதைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டு போட்டேன். அதுக்கும் இல்ல. இன்னொரு நினைவூட்டு. ஆபீஸ்ல நான் ஒரு நினைவூட்டு போட்டா அலறி அடிச்சுக்கிட்டு பதில் வரும் தம்பி. இவகிட்டேருந்து ஒரு வரி கிடையாது. போன் பண்ணினா பேசுவா, பேசாம இல்ல. 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ராத்திரி நெஞ்சு வலிச்சா ஆரோக்கியசாமியைக் கூப்பிடுங்க'ம்பா. 'லெட்டர் வந்துச்சா?'ன்னா, 'வந்துச்சு, பத்திரமா வச்சிருக்கேன்'ம்பா. 'அதுக்கு என்ன சொல்ற?'ன்னா திரும்ப மாத்திரைப் பேச்சுக்கே போயிடுவா. அப்புறம்தான் மச்சான் சம்சாரம் சொல்லிச்சு. எல்லாத்தையும் அரிசிப் பானையில போட்டு வச்சிருக்காளாம். பிரிக்கவே இல்லையாம். ஒட்டின உறை ஒட்டினபடி இருக்காம். நான் ராத்திரி பகலா யோசிச்சு எழுதினது தம்பி, அரிசிக்குள்ள கிடக்கு.

பொண்ணு திருப்பூர்ல இருக்கா. அவகிட்ட சொல்லி அழுதேன்னு வச்சுக்குங்களேன். ஆறுதலா நாலு வார்த்தை சொல்லுவான்னு பாத்தா, 'அப்பா, அம்மாவைப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாப்பா?'ன்னுட்டு போனை வச்சுட்டா. தாயும் மகளும் எப்பவும் ஒரு கட்சி. சின்ன வயசுலேருந்து அம்மா வெளிய கிளம்பினா அவளும் முந்தானையைப் புடிச்சுக்கிட்டுக் கிளம்பிடுவா. பஸ் வந்தா ஓடிப் போய் போர்டைப் பாத்துட்டு வந்து அம்மா காதுல சொல்லுவா. அப்படி ஒட்டுதல்.

என்ன கேட்டீங்க? பஸ் சத்தத்துல காதுல விழல. அவங்களுக்குப் படிக்கத் தெரியுமாவா?

என்ன தம்பி கேள்வி இது? எட்டாங்கிளாஸ் படிச்ச பொண்ணுன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. கையெழுத்துப் போடுவா. தையல்நாயகின்னு குண்டு குண்டா, மெதுவா, அழகாப் போடுவா. பேங்க்ல நான் பக்கத்துலயே நிப்பேன். நீங்க பாட்டுக்குக் கேட்டுட்டீங்களே! சூப்பிரண்டு சம்சாரம் தம்பி அவ.

பேப்பர் படிக்க மாட்டா, அது வேற. கண்ணு வலிக்குதும்பா. கண்ணாடி வாங்கிக் குடுத்தேன், போட மாட்டா. கல்யாணப் பத்திரிகை ஏதாச்சும் வந்தா என் கையிலதான் குடுப்பா. 'நீங்களே படிங்க, நீங்க படிச்சாத்தான் எனக்கு மனசுல நிக்கும்'பா. எனக்குக் கொஞ்சம் குரல் நல்லா இருக்கும், அதனால சொல்றான்னு நெனைப்பேன். நானும் சாய்வு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'நிகழும் மங்களகரமான'ன்னு ஆரம்பிச்சு, அச்சகத்து பேரு வரைக்கும் படிப்பேன். முகத்தைக் கையில தாங்கிக்கிட்டுக் கேப்பா. அப்புறம் அதை வாங்கி, ஒரு ஓரத்துல மஞ்சளைத் தொட்டு வச்சு, இன்னொரு ஓரத்தை மடிச்சு... மடிப்பா. ஒவ்வொண்ணையும் ஒரு மாதிரி மடிப்பா. கரண்டு பில்லு நாலா மடிச்சிருக்கும். வரி ரசீது சுருட்டியிருக்கும். நான் கூட, 'என்னடி ஒழுங்கு மரியாதையா ஒரே மாதிரி மடிக்கத் தெரியாதா'ன்னு...

கலர் கலரா வாங்கியிருக்கலாமேன்னா தம்பி. சொன்னேன்ல? படம் ஒட்டுங்களேன்னா.

இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. நெஞ்சு வலி இல்ல. தண்ணி இருந்தா குடுங்க.

நீங்க பாட்டுக்கு ஒண்ணு கேட்டுட்டீங்க. அப்படி எல்லாம் இருக்காது. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஊர்ல எத்தனை பேரோட மனுவைப் படிச்சிருக்கேன் நான். கைநாட்டு வச்ச மனுவைத் தூரத்துலேருந்து பாத்தாலே சொல்லிடுவேன். எனக்குத் தெரியாமப் போகுமா?

இந்த பைல்ல என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல? கேக்கலையா? நான்தான் சொல்லல போல. இது அந்த நீலத்துல ஒண்ணு. மீதி இருந்தது. உள்ள வீட்டுப் பேப்பர் ஒண்ணும் இல்ல, நாலாவது லெட்டர் இருக்கு. இதை நினைவூட்டு மாதிரி எழுதல. நேத்து உக்காந்து எழுதினேன். வீடு வெறிச்சுன்னு இருக்கு தையலு, சோறு இறங்கல, நீ எங்க வேணா எதை வேணா வச்சுக்கோ, வந்துடுன்னு எழுதியிருக்கேன். வாயால சொல்ல எனக்கு வராது. என்னைக்கும் வந்ததில்ல. அதான் கையில குடுத்துட்டு, அவ படிச்சு முடிக்கிறவரைக்கும் வாசல்ல நின்னுக்குறதுன்னு கிளம்பினேன்.

அவ படிச்சு முடிக்கிறவரைக்கும்.

அரிசிப் பானையில எதை வைப்பான்னு சொன்னேன்? ரேஷன் கார்டு. தொலைஞ்சா வீடே பட்டினிங்குறதை மட்டும்தான் அதுல வைப்பா. வேற எதையும் வச்சு நான் பாத்ததில்ல.

கோட்டூரா? இருங்க கண்டக்டர், வயசானவன், மெதுவாத்தான் இறங்குவேன். அந்தக் குடையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி. பைல் என்கிட்டயே இருக்கட்டும்.

நேராப் போய் அவ கையில குடுக்குறேன். மச்சான் இருந்தாலும் சரி, யாரு இருந்தாலும் சரி. வாங்கிப் பாத்துட்டு, பத்திரிகைக்குச் சொல்ற மாதிரி, 'நீங்களே படிங்க'ன்னு என்கிட்டயே திருப்பிக் குடுப்பா. குடுத்தா படிச்சுடுவேன். அத்தனை பேரு முன்னாடியும் படிச்சுடுவேன். இத்தனை வருஷமாச் சொன்னவ, இன்னைக்கும் சொல்லுவாள்ல?

ஒண்ணும் சொல்லாம வாங்கி, இதையும் கொண்டுபோய் அந்த அரிசிப் பானையில வச்சுட்டான்னா நான் என்ன தம்பி பண்ணுவேன்?